நெல் மில்லில் நடந்த கண் முகாமுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, இறக்காமம், அம்பாறைப் பக்கத்து உறவுகளே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

செப்டெம்பர் 21 உலக சமாதான தினத்தை ஒட்டி எங்கள் சேவைக் கழகம் நடத்திய இலவசக் கண் முகாம் நல்லபடியாக முடிந்தது. செயலாளர் என்ற முறையில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அத்தனை வாசலையும் மிதிக்க நாள் போதவில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி மில் முதலாளி காக்காவுக்கு. முகாமுக்கு முதல் நாள் அந்தி நேரம், பேசி வைத்திருந்த மண்டபம் கிடைக்காது என்று ஆகிவிட்டது. அழைப்போ ஊரெல்லாம் போய்விட்டது. நான் மில் வாசலில் நின்று ஃபோனில் யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த காக்கா எழுந்து வந்து, "என்ன புள்ள, நாலு மூட்டைய அங்கால தள்ளினா இடம் வந்திரும்தானே" என்றார். இரவு பதினொரு மணி வரை மூட்டை தள்ளினார்கள். தள்ளிய தம்பிமார் பலர் மறுநாள் விடியக் கூலி வேலைக்குப் போகவேண்டியவர்கள். இப்போது யோசித்தால் மண்டபத்தை விட மில்தான் சரியான இடம் என்று படுகிறது. அறுவடை முடிந்தால் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லார் நெல்லும் ஏறி இறங்குகிற தராசு அங்கேதான் இருக்கிறது. அந்தப் படியில் ஏற யாருக்கும் கூச்சம் வரவில்லை.

வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு வெள்ளெழுத்தை எப்படிச் சோதிப்பது என்று கேள்வி வந்தபோது வழி சொன்னவர் எங்கள் ஓய்வுபெற்ற தாதி அக்கா. தீட்டிய அரிசியில் ஒரு பிடி கல்லும் நெல்லும் கலந்து சுளகில் போட்டு, "பொறுக்குங்க பாப்பம்" என்றார். இறக்காமத்து மூத்தம்மா ஒருவரும் அம்பாறைப் பக்கத்துச் சிங்கள ஆச்சி ஒருவரும் அந்தச் சுளகின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கண்ணாடி போடுமுன் இருவர் விரலும் அரிசியை அளைந்துகொண்டிருந்ததே தவிர ஒன்றும் அகப்படவில்லை. கண்ணாடி போட்டதும் ஆச்சி கடுகளவு கறுப்பை நகத்தால் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "கல்" என்றார். மூத்தம்மா என் பக்கம் திரும்பி, "இவக்குத் தமிழ் தெரியுமா மகள்?" என்று கேட்டார். சிங்களத்திலும் கல்லுக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்றேன். இங்கினியாகலையில் தேங்கி நம் எல்லார் வயலுக்கும் வருகிற கல்லோயாவின் பெயரில் இருப்பதும் அந்தக் கல்தான். சோதனை முடிந்த பிறகும் இரண்டு பேரும் எழும்பவில்லை. சுளகு முழுக்கத் துப்புரவாக்கிவிட்டுத்தான் விட்டார்கள்.

சிங்களம் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கு, "பேனவாத" என்றால் தெரியுதா என்று தமிழ் எழுத்தில் அட்டை எழுதிக் கொடுத்த ஓட்டோத் தம்பிக்கும் நன்றி. அன்று அவர் ஒரு ஹயரும் ஓடவில்லை.

அட்டை பிடித்து நின்ற மாணவி ஒருத்தி, "கண்ணாடி குடுக்கிறதுக்கும் உலக சமாதானத்துக்கும் என்ன மிஸ் சம்பந்தம்?" என்று கேட்டாள். வேலை நெருக்கடியில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் மகள். 1925இல், பார்வையும் கேள்வியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர், லயன்ஸ் என்ற சேவைக் கழகத்தின் மாநாட்டில், பார்வையற்றோருக்காகப் போராட வாருங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து கண் அவர்களின் வேலையாயிற்று. ரோட்டரி என்ற இன்னொரு சேவைக் கழகம் 1905இல் சிகாகோவில் நான்கு பேரோடு தொடங்கியது: ஒரு வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையற்காரர். வேறு வேறு தொழில் செய்கிறவர்கள் ஒரு மேசையில் கூடிப் பழகவேண்டும் என்பதுதான் அவர்களின் எண்ணம். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் சின்ன வயதில் பார்த்தேன். 1995இல் இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ரோட்டரியும் யூனிசெஃபும் இரு தரப்போடும் பேசி, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்த வைத்தார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்த வரிசையில் நின்றேன். அன்று வெடிச்சத்தம் இல்லாமல் காகம் கரைந்தது மட்டும் கேட்டது. இரண்டு துளிக்காகத் துவக்குகள் ஓய்ந்த அந்த ஒரு நாள்தான் என்னைக் கழகத்தில் சேர்த்தது.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது நம் பக்கத்துப் பேச்சு. 1990இல் கிழக்கில் இரு சமூகத்துக்கும் இடையே நடந்த வன்செயலுக்குப் பிறகு அதைச் சொல்லும்போது பலருக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த வருடம் உடுத்த துணியோடு வீட்டை விட்டு ஓடியவர்கள் எங்கள் கழகத்தில் இரு சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவர்தான் அன்று பெயர் பதியும் மேசையில் இருந்தார்கள், ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பழையதை அவர்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஒருவர் பெயர் கேட்க மற்றவர் எழுதினார். பத்து மணி போல எழுதியவருக்குக் கை உளைந்தது, மற்றவர் பேனாவை வாங்கிக்கொண்டார். உங்கள் இருவருக்கும் எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியாமல் இந்தப் பத்தியை மூன்று தரம் எழுதி அழித்தேன்.

கூலி வாங்காமல் மாலை வரை நின்ற கண் மருத்துவருக்கும் கண் பரிசோதகர்களுக்கும், வாங்கிய விலைக்கே கண்ணாடி தந்த கடைக்காரருக்கும், விடியற்காலையில் இடியப்பம் அவித்த ஆலையடிவேம்பு அக்காமாருக்கும், தண்ணீர் பவுசரோடு வந்தவருக்கும் எங்கள் நன்றி.

கண்புரை என்று சீட்டுக் கொடுக்கப்பட்டவர்கள் அதைத் தொலைத்துவிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்குப் போகும் நாளில் வாகனம் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம். சொல்லிச் செய்யவேண்டிய கண்ணாடிகள் வந்ததும் மில்லில் வைத்துத் தருவோம்.

அப்புறம், அந்தச் சுளகு. யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்துவிட்டோம், யாருக்கும் தெரியவில்லை. புதிதாக மெழுகிய சுளகு, விளிம்பில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. காக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
செயலாளர்