நிலத்தடி நீரை வார்டு வாரியாக அளந்த பிறகே வளர்ச்சித் திட்டத்தை இறுதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: பழைய குளத்தை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்
பெறுநர்: நகரமைப்பு அலுவலர் அவர்கள், மாநகராட்சி
பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்கள் (பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் பகுதி உங்களுக்குத் தெரியாததல்ல. குளத்தைத் தூர்த்து மனை போட்ட சரிவும், மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற முக்கும் நீங்களே வந்து பார்த்தவைதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். அடுத்த 20 ஆண்டுகளுக்கான திட்ட வரைவில் தண்ணீரைப் பொறுத்தவரை நம் நகரம் 'நிலைத்த நகரம்', அதாவது நாளைக்கும் வளம் தீராத நகரம், என்று எழுதியிருக்கிறீர்கள். எதை அளந்து அப்படி எழுதினீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

1. வரைவில் இருப்பதெல்லாம் நகரச் சராசரி. மேட்டுத் தெருக்களுக்கு நாள் முழுக்க வருகிற தண்ணீரையும் எங்களுக்குச் சொட்டுகிற தண்ணீரையும் கூட்டி வகுத்தால் எல்லோருக்கும் போதும் என்றுதான் விடை வரும். நகரங்களை அளக்க 2014-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் (ஐஎஸ்ஓ) 37120 என்ற அளவுகோல், குடிநீர் வசதி உள்ள மக்களின் சதவீதத்தோடு நிற்பதில்லை. வழியில் வீணாகும் தண்ணீர் எவ்வளவு, ஒரு வீட்டுக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் விநியோகம் தடைபட்டது என்பதையும் கேட்கிறது. உங்கள் வரைவில் முதல் கணக்கு மட்டும் இருக்கிறது. சரி, இணைப்பு இருக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. குழாயைத் திறந்தால் காற்றும் வருகிறது.

2. ஆழ்துளைக் கிணறு. இதைத்தான் ஒவ்வொரு மனுவிலும் எழுதுகிறோம். கோடை தொடங்கினால் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும், இருமுவது போல இழுக்கும், அப்புறம் செம்மண் கலந்த தண்ணீர் வரும், அதுவும் நின்றுவிடும். அணைத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி போட வேண்டும், இரவு முழுக்க இதே வேலை, தூக்கம் போய் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் இன்னும் ஆழமாகத் துளை போட்டால் இந்த வீட்டுக் கிணறு வற்றுகிறது, உடனே இவரும் ஆழப்படுத்துகிறார், இப்படியே ஒருவர் தண்ணீரை ஒருவர் பிடுங்கிக்கொண்டு கீழே போகிறோம். மேலே என்ன நடக்கிறது? தெரு முழுக்க கான்கிரீட், மரத்தின் தூரைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடவில்லை. குளத்தில் இறங்க வேண்டிய மழை வடிகாலில் ஓடிப்போகிறது. ஒரே தெரு மழையில் மூழ்குவதும் கோடையில் காய்வதும் இதனால்தான். நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து பார்க்க எங்கள் பகுதியில் ஒரு கண்காணிப்புக் கிணறுகூட இல்லை. அளக்காத தண்ணீரை நம்பி இன்னும் 20 ஆண்டுகளுக்கு மாடி மேல் மாடி கட்ட அனுமதி கொடுப்பதற்குப் பெயர் திட்டமா ஐயா?

3. முடியாத வேலையைக் கேட்கவில்லை. கேப் டவுனில் 2018-இல் தட்டுப்பாடு வந்தபோது அணைகளில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை ஊரே பார்க்க வெளியிட்டார்கள், ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பும் வைத்தார்கள். பெர்லினின் சில பகுதிகளில் ஒரு மனையில் எவ்வளவு பங்கு மண்ணும் செடியுமாக இருக்க வேண்டும் என்று 1990-களிலிருந்தே கணக்குப் போட்டுக் கேட்கிறார்கள். அளக்காமல் உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஜகார்த்தாவும் மெக்சிகோ சிட்டியும் இருக்கின்றன, அங்கே தரையே தாழ்ந்துகொண்டிருக்கிறது.

4. ஆகவே வார்டுக்கு ஒரு கண்காணிப்புக் கிணறாவது அமைத்து மாதாமாதம் நீர்மட்டத்தைப் பதிந்து வெளியிட வேண்டும். மழை இறங்க விடாமல் மூடிய தரை எவ்வளவு என்பதையும் தெருவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் திட்டத்தை இறுதி செய்யக் கூடாது.

5. குளத்தில் மிச்சமிருக்கும் மூலையை வரைபடத்தில் 'காலி நிலம்' என்று காட்டியிருப்பதை நீக்குங்கள். அது காலி நிலம் இல்லை. உங்களுக்கும் தெரியும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மனுவையும் கோப்பில் வைத்து மூடிவிடாதீர்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். கண்காணிப்புக் கிணறு எந்த மாதம் தோண்டப்படும், அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய குளத்தை ஒட்டிய தெருக்களின் குடியிருப்போர்