முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் பாகத்தை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கும் செட்டுகளை) மறுபடியும் பாட வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 1970-களில் செய்த செட்டுகளின் மேல் இளைஞர்களுக்கு ஆசை வந்திருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் அதிலிருந்த ஒரு யோசனையை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. செட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கண்டென்சர்களையும் (மின்சாரத்தைத் தேக்கி வைத்து விடும் பாகங்களை) மாற்றிவிட வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்கிறார். நான் பல வருடங்களாக இந்த செட்டுகளைப் பழுது பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். என் மேசைக்கு வருபவற்றில் அதிகம் பாடாய்ப் படுத்துவது தானாகப் பழுதான செட் அல்ல. இப்படி ஒரு யோசனையை நம்பி, என்ன கோளாறு என்று பார்க்காமலே யாரோ பிரித்து மேய்ந்த செட்டுதான்.

அண்மையில் வந்த ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-780-ஐச் சொல்கிறேன். 1978-ல் வெளிவந்த மாடல், சேனலுக்கு 45 வாட். குறைந்த வால்யூமில் இடது பக்கம் சத்தமே வராது. வால்யூமை நன்றாகக் கூட்டினால் 'சட்'டென்று வந்துவிடும், பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் நிற்கும். இதற்கு முன்னால் பார்த்தவர் கண்டென்சர் அத்தனையையும் மாற்றியிருந்தார். அப்படியும் சரியாகாததால் ஸ்பீக்கரை ஓட்டும் இடது சேனலின் பவர் மாட்யூலையும், அதாவது எஸ்டிகே-0050-ஐயும், கழற்றிவிட்டு வேறொன்று போட்டிருந்தார். குறை அப்படியே இருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்த அறிகுறியைக் கேட்டதுமே ஸ்பீக்கர் ரிலே ஞாபகத்துக்கு வர வேண்டும். செட்டைப் போட்டதும் சில விநாடி கழித்து 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ரிலே, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் தானியங்கி சுவிட்ச். வருடக்கணக்கில் அதன் முனைகள் கறுத்துப்போகும். மெல்லிய சிக்னல் அந்தக் கறுப்பைத் தாண்டாது, பலமான சிக்னல் உடைத்துக்கொண்டு போய்விடும். ரிலேவுக்கு முன்னால் சிக்னல் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்த்தேன். முன்னால் இருந்தது, பின்னால் இல்லை. காயில் வோல்ட்டேஜ் ஒத்துப்போகிற புது ரிலே ஒன்றைப் போட்டதும் இடது பக்கம் பாடியது.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. புதிதாகப் போட்டிருந்த எஸ்டிகே வலது பக்கத்து மாட்யூலை விட அதிகமாகச் சூடானது, வால்யூம் ஏறினால் ஒலியும் பிசிறடித்தது. மேலே இருந்த எழுத்தின் அச்சும் வலது பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. சான்யோ இந்த மாட்யூலைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. சந்தையில் புதிது என்று கிடைப்பவற்றில் போலிகள் நிறைய. நல்லவேளை, செட்டின் சொந்தக்காரர் கழற்றிய பழைய மாட்யூலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். மல்டிமீட்டரில் கால்களுக்கு இடையே அளந்து, வலது பக்கத்தோடு ஒப்பிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதையே திரும்பப் போட்டேன். இது போக, பாஸ், ட்ரெபிள் சரிசெய்யும் டோன் போர்டில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் பிளஸ் மைனஸ் மாறி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் இப்படி ஒன்று தவறுவது சகஜம். அதுவரை இல்லாத ஒரு புதுக் கோளாறு அங்கே உட்கார்ந்துகொள்ளும். பழைய கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

அதனால்தான் கேட்கிறேன்: முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஸ்டீரியோ செட்டில் அதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இடதும் வலதும் ஒரே சர்க்யூட். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் அப்படியே வரைபடமாக நிற்கிறது. நல்ல சேனலில் ஒரு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களிலும் என்ன வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள், கெட்ட சேனலில் அதே இடத்தில் அளந்து பாருங்கள். எங்கே கணக்கு மாறுகிறதோ அதைச் சுற்றித்தான் கோளாறு. பேஸ் என்ற காலுக்கும் எமிட்டர் என்ற காலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமோ 2 வோல்ட்டோ காட்டினால் சந்தேகப்பட வேண்டிய ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. ஒன்றுமே பாடவில்லை என்று வரும் செட்டுகளில் சில, டேப் மானிட்டர் சுவிட்ச் (டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் ஒலியைக் கேட்க வைப்பது) அழுந்தி இருப்பதால் மட்டுமே ஊமையாக இருக்கும். பல மாடல்களில் பின்புறம் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று துளைகளும், அவற்றை இணைக்கும் சிறிய கம்பித் துண்டுகளும் இருக்கும். அந்தக் கம்பி தொலைந்தாலோ துருப்பிடித்தாலோ சத்தம் வராது. கோளாறு ப்ரீ-ஆம்ப்பிலா (வால்யூம், டோன் இருக்கும் முன்பகுதி) பவர்-ஆம்ப்பிலா (ஸ்பீக்கரை ஓட்டும் பின்பகுதி) என்பதையும் அதே துளைகள் சொல்லிவிடும். செட்டை அணைத்துவிட்டு, கம்பியை எடுத்து, ஆடியோ கேபிளால் இடது ப்ரீ-அவுட்டை வலது மெயின்-இன்னுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிக் கொடுங்கள். குறை பக்கம் மாறினால் ப்ரீ-ஆம்ப், அதே பக்கம் நின்றால் பவர்-ஆம்ப். மூடியைத் திறக்காமலே பாதி செட்டைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

கரகரப்பும் விட்டு விட்டுக் கேட்பதும் பெரும்பாலும் அழுக்குதான். செட்டை அணைத்து, வால்யூம் கன்ட்ரோலுக்கும் சுவிட்சுகளுக்கும் உள்ளே காண்டாக்ட் கிளீனர் அடித்து, முழுச் சுற்றாகப் பலமுறை திருப்பினாலே பாதிக் குறை போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் தயவுசெய்து உள்ளே அடிக்காதீர்கள்.

இனி பாதுகாப்பு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த செட் 100 வோல்ட்டுக்கு உரியது. அதை 220-240 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பின்புறம் வோல்ட்டேஜ் செலக்டர் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த செட்டை ஒருபோதும் நேரடியாக மெயின்ஸில் போடாதீர்கள், சீரிஸ் பல்ப் வழியாக, அதாவது மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராக இணைத்த பல்பு வழியாகப் போடுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்இடி உதவாது. செட்டைப் போட்டதும் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பல்பு இல்லாமல் போட்டிருந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைத் தின்றிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. பவர் சப்ளையில் இருக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். பெரிய செட்டுகளில் அவை 10,000 மைக்ரோஃபாரட்டும் அதற்கு மேலும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் தீப்பொறி தெறிக்கும், கண்டென்சரும் கெடும். தக்க வாட் கொண்ட ரெசிஸ்டர் ஒன்றை இரு முனைகளிலும் வைத்து, மீட்டரில் வோல்ட் இறங்குவதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ரிலே 'டக்' என்று சொல்லவே இல்லை என்றால், கம்பி போட்டு அதைத் தாண்டிவிடும் வேலை வேண்டவே வேண்டாம். அது ஒட்டாததற்குப் பெரும்பாலும் காரணம் உண்டு: அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வந்திருக்கும், ஸ்பீக்கரைக் காக்கவே ரிலே ஒட்டாமல் நிற்கிறது. எட்டு ஓம் ஸ்பீக்கரில் 35 வோல்ட் டிசி பாய்ந்தால் 150 வாட்டுக்கு மேல் வெறும் சூடாக மாறும். வாய்ஸ் காயில் விநாடிகளில் கருகிவிடும். ஸ்பீக்கரை மாட்டாமல், ரிலேவுக்கு முன்னால் டிசியை அளந்து பாருங்கள். பத்து இருபது மில்லிவோல்ட் இருந்தால் கவலை இல்லை, 50-க்குள் இருந்தாலும் சமாளிக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் பவர்-ஆம்ப்பில் ஏதோ போய்விட்டது.

கண்டென்சரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உள்ளே காய்ந்துபோகிற பொருள்தான். வால்யூமைக் குறைத்தாலும் குறையாத உறுமல் கேட்டால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். மேல்பகுதி உப்பியதும், அடியில் கசிந்ததும், கண்டென்சரின் உள் எதிர்ப்பைக் காட்டும் இஎஸ்ஆர் மீட்டரில் அளவு ஏறியதும் போக வேண்டியவைதான். அந்தக் காலத்தில் பாகங்களை அசையாமல் பிடிக்க ஊற்றிய மஞ்சள் பசை, வயதாகிப் பழுப்பாகும்போது கால்களை அரிக்கும், சில சமயம் மின்சாரத்தையும் கடத்தும். அதைச் சுரண்டி எடுப்பது அவசியம். ஆனால் எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக, முன்னே படம் எடுத்துக்கொண்டு, மாற்றியதும் செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

அதே சமயம், நிஜமாகவே சந்தேகப்பட வேண்டிய சில பாகங்களைக் கட்டுரை தொடவே இல்லை. 2எஸ்ஏ726, 2எஸ்சி458 என்ற சிறிய டிரான்சிஸ்டர்கள் அந்தக் கால செட்டுகளில் ஏராளம். மழை பெய்வது போன்ற இரைச்சலும் இடையிடையே பொரிகிற சத்தமும் வந்தால் இவற்றைப் பாருங்கள், கால்கள் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னதற்கு கேஎஸ்ஏ992, பின்னதற்கு கேஎஸ்சி1845 போடலாம். பயஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) சரிசெய்யும் சிறு திருகு கன்ட்ரோலான பிரீசெட்டும் அப்படித்தான். அதன் உள்முனை அழுக்கேறி விலகினால், சில சர்க்யூட்டுகளில் பயஸ் கட்டுக்கடங்காமல் ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டரையே பலி வாங்கிவிடும். பயஸ் அளப்பது கஷ்டமில்லை. 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லிஆம்பியர். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

டியூனர் பகுதியில் இருக்கும் காயில்களின் கோர்களைத் திருப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். எஃப்எம் பகுதியின் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) நிலைகளைத் தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிபார்த்திருப்பார்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் காதை மட்டும் நம்பித் திருப்பினால், கெடாத ஒன்றைக் கெடுத்ததாக ஆகும். ஜப்பான் உள்நாட்டு செட்டில் பல ஸ்டேஷன்கள் கிடைக்காமல் போவது கோளாறே அல்ல. அதன் எஃப்எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையைப் படித்த யாராவது இந்நேரம் ஒரு பை நிறையக் கண்டென்சர் வாங்கிவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவாவது சீரிஸ் பல்ப், ஃபில்டர் கண்டென்சரின் சார்ஜ், வோல்ட்டேஜ் செலக்டர் ஆகிய மூன்றையும் பற்றி வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது வெளியிடுங்கள். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அடுத்த பகுதியை மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதிலிருந்து தொடங்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஆடியோ கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்