இரு எண்களுக்கு இடையே இன்னோர் எண்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அதிபர் அலுவலகம்,
மட்டக்களப்பு.

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இத்தவணை எமது மாணவர்களின் கணிதக் கொப்பிகளைப் பார்வையிட்டபோது, ஒரு வினாவுக்குப் பலரும் ஒரே விதமாக விடை எழுதியிருந்தது என் கவனத்தை ஈர்த்தது. 2/7 இற்கும் 3/7 இற்கும் இடையேயுள்ள ஒரு விகிதமுறு எண்ணை, அதாவது பின்னமாக எழுதக்கூடிய ஓர் எண்ணைக் காண்க என்பதே அவ்வினா. அதன் கீழ் "இல்லை" என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடும் இட்டிருந்தார்கள். 2 இற்கும் 3 இற்கும் இடையே முழு எண் எதுவும் இல்லாததால் இந்தப் பின்னங்களுக்கு இடையிலும் ஒன்றும் இருக்க முடியாது என்று பிள்ளைகள் கருதியிருக்கிறார்கள். சிறுவயது முதல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகியவர்களுக்கு ஒவ்வோர் எண்ணையும் அடுத்து இன்ன எண் வரும் என்பது இயல்பாகிவிடுகிறது. விகிதமுறு எண்களிலோ "அடுத்த எண்" என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. எவ்வளவு நெருங்கிய இரண்டை எடுத்தாலும் இடையில் எண்ணற்றவை இருக்கின்றன. இந்த ஒரு கருத்து பிள்ளையின் மனதில் நன்கு பதிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மேற்சொன்ன வினாவுக்குச் சமவலுப் பின்னங்களே, அதாவது பெறுமானம் மாறாமல் வேறு எண்களால் எழுதிய பின்னங்களே போதும். மேலேயுள்ள தொகுதியையும் கீழேயுள்ள பகுதியையும் இரண்டால் பெருக்கினால் 4/14, 6/14 எனக் கிடைக்கும். இடையில் 5/14 நிற்கிறது. பத்தால் பெருக்கினால் 20/70 இற்கும் 30/70 இற்கும் இடையே 21/70 முதல் 29/70 வரை ஒன்பது எண்கள் வெளிப்படுகின்றன. அவற்றைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, 21/70 என்பது 3/10 என்றும் 28/70 என்பது 2/5 என்றும் கண்டு மகிழ்வதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். பகுதிகள் வேறுபடும்போதுதான் சிலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். 1/3, 1/2 ஆகியவற்றை 2/6, 3/6 என்று சரியாக மாற்றிவிட்டு, மறுபடியும் 2, 3 என்றே வருகிறதே என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். இன்னொரு முறை இரண்டால் பெருக்கினால் 4/12 இற்கும் 6/12 இற்கும் நடுவே 5/12 கிடைத்துவிடும்.

இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்பது அடுத்த வழி. இது எந்த இரு எண்களுக்கும் பொருந்தும். மறை எண்களுக்கும் அப்படியே. 1/3, 1/2 ஆகியவற்றின் சராசரி 5/12. 1/3, 5/12 ஆகியவற்றின் சராசரி 3/8. இவ்வாறு தொடர்ந்து செய்துகொண்டே போகலாம், ஓரிடத்திலும் தடை வராது. இடையில் எண்கள் முடிவின்றி உள்ளன என்பதைப் பிள்ளை பிறர் சொல்லிக் கேட்காமல் தானே உணர்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டினால் 1/3, 1/2 ஆகியவற்றிலிருந்து 2/5 வருகிறது. பின்னங்களைக் கூட்டும்போது இப்படிச் செய்தால் ஆசிரியர் பிழை போடுவார். அது சரியான திருத்தமே. ஆனால் பகுதிகள் இரண்டும் நேர் எண்களாக இருக்கும்போது, இவ்வாறு கிடைக்கும் பின்னம் எப்போதும் முதலிரண்டுக்கும் இடையிலேயே அமையும். 1816 இல் ஜோன் ஃபேரி என்ற ஆங்கிலேயர் இதனோடு தொடர்புடைய ஒரு பண்பைக் குறித்து எழுதினார். பிரான்சியக் கணித அறிஞர் கோஷி அதை நிறுவினார். வட்டக் கணக்குகளில் நாம் பயன்படுத்தும் 22/7 ஐயும், அதற்குச் சற்றுக் குறைந்த 333/106 ஐயும் இவ்விதம் சேர்த்தால் 355/113 கிடைக்கும். ஐந்தாம் நூற்றாண்டில் சீன அறிஞர் சூ சொங்சி கூறிய இப்பின்னம், பை (π) என்ற எண்ணின் பெறுமானத்தை ஆறு தசமதானங்களுக்குச் சரியாகத் தருகிறது.

ஆகவே ஒரே வினாவுக்கு ஒரு பிள்ளை 5/12 என்றும் இன்னொரு பிள்ளை 2/5 என்றும் எழுதினால் இரண்டும் சரியே. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விடை வேறு என்பதற்காக உங்கள் பிள்ளையின் விடையை அழிக்கச் சொல்லாதீர்கள். படுவான்கரையில் வயல் செய்யும் பெற்றோர் இதை நொடியில் சரிபார்ப்பார்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அரை ஏக்கர் 80, மூன்றில் ஒன்று 53 இற்குச் சற்று மேல். 2/5 ஏக்கர் 64 பேர்ச்சஸ், 3/8 ஏக்கர் 60 பேர்ச்சஸ், 5/12 ஏக்கர் 66 இற்குச் சற்று மேல். மூன்றும் வரம்புக்குள்ளேதான் இருக்கின்றன.

தசமங்களிலும் இதே தடுமாற்றம் உண்டு. 12 பெரிது, 3 சிறிது என்று எண்ணி 0.12 ஐ 0.3 இலும் பெரிதாகக் கொள்ளும் பிள்ளையிடம், 0.3 ஐ 0.30 என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

வீட்டில் நீங்கள் கணிதம் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை ஒரு விடையைக் கண்டதும், "இதற்கும் அரைக்கும் இடையில் இன்னொன்று சொல்லு மகன்" என்றோ "சொல்லு மகள்" என்றோ கேளுங்கள். எப்படிக் கண்டாய் என்றும் கேளுங்கள். டியூசன் வகுப்பில் மனனம் செய்த ஒரு சூத்திரத்தை மட்டும் ஒப்பித்தால், அதே விடையை வேறொரு வழியில் காட்டும்படி அன்பாகச் சொல்லுங்கள். விடையை மட்டும் எழுதாமல் செய்கையையும் கொப்பியில் முழுமையாக எழுதி அனுப்பினால், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் கணித ஆசிரியர்கள் உடனே கண்டு உதவ வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அதிபர்