சோலையைக் காத்தவர்களே வழிகாட்டட்டும்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் உயர் அலுவலர்களுக்கும் தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் நீங்கள் தொடங்கிய மலையேற்றத் திட்டம் மாநிலத்தின் 40 வழித்தடங்களைப் பொதுமக்களுக்கு முறையாகத் திறந்துவிட்டது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் எவரும் காட்டிற்குள் நுழையக்கூடாது என்ற ஒழுங்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மலையில் வாழும் எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வழிகாட்டிகளாக மலைக்கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களை அமர்த்தியதே இத்திட்டத்தின் தலைசிறந்த கூறு என்று நான் கருதுகிறேன். அதை இன்னும் ஒரு படி விரிவாக்குங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஏறுவதற்கு வலுவில்லாதவர்களும் பங்குபெறத்தக்க மெதுநடைகளை நீங்கள் தொடங்க வேண்டும். அவற்றை அந்தந்தக் காட்டைப் பல ஆண்டுகளாகப் பேணிவரும் உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுக்களின் பொறுப்பில் விட வேண்டும்.

எளிது என்று வகைப்படுத்தப்பட்ட தடத்தில்கூட, முழங்கால் தேய்ந்த ஒரு மூதாட்டியாலோ, நீண்ட சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒருவராலோ, கூட்டத்தையும் வேகத்தையும் கண்டு மிரளும் ஒரு குழந்தையாலோ கலந்துகொள்ள இயலாது. காடு இவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1982இல் ஜப்பான் அரசின் வனத்துறை, நகரவாசிகள் காட்டிற்குள் நிதானமாக உலவி ஐம்புலன்களாலும் அதை உணரும் பழக்கத்தை ‘ஷின்ரின்-யோகு’ என்ற பெயரில் ஊக்குவிக்கத் தொடங்கியது. அதையே நாம் வனக்குளியல் என்கிறோம். தென்கொரியா 2015இல் வன நல்வாழ்வுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அங்கே வழிகாட்டிகள் அரசின் சான்றிதழ் பெற்றவர்கள். நம் நாட்டிலும் உத்தராகண்ட் வனத்துறை 2021இல் ராணிகேத் அருகே காலிகாவில் ஒரு வன நலமையத்தைத் திறந்தது. தமிழ்நாட்டிலோ மலையேற்றத்திற்கு விதிமுறைகள் இருக்க, மெதுநடைக்கு என்று தனியே ஓர் ஏற்பாடு இன்னும் இல்லை.

இந்த நடையின் இயல்பை அறிந்தால்தான் என் கோரிக்கை விளங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் யாரும் நகர்வதில்லை. வழிகாட்டி மரங்களின் பெயர்களை ஒப்பிப்பதில்லை. ஓடையின் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்வார், பாசி படர்ந்த பட்டையைத் தொட்டுப்பார்க்கச் சொல்வார், ஓரிடத்தில் கால்மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்வார், பிறகு கண்டதையும் கேட்டதையும் விரும்பினால் பகிர்ந்துகொள்ளச் சொல்வார். இதனால் இரத்த அழுத்தமும் மனஇறுக்கமும் தணிவதாக ஜப்பானிய ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறு குழுக்களைக் கொண்டு குறுகிய காலத்தில் நடத்தப்பட்டவை. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இவையெல்லாம் நம்பிக்கை தருபவை. எனினும் காட்டு நடை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய இவை எவருக்கும் உரிமை தருவதில்லை. நீங்கள் வகுக்கும் விதிகளில் முதல் விதி இதுவாகவே இருக்க வேண்டும்.

இனி, யார் அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய ஒரு சங்கம் உலகெங்கும் வனச் சிகிச்சை வழிகாட்டிகளைப் பயிற்றுவித்துச் சான்றளிக்கிறது. அந்தப் பயிற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கவும், ஒரு குழுவின் மௌனத்தைக் கலைக்காமல் காக்கவும் அது கற்றுத்தருகிறது. ஆயினும் டாலர் கணக்கில் கட்டணம் செலுத்திச் சான்று பெறுவது சோலையோரக் கிராமத்துப் பெண் ஒருவருக்கு எட்டக்கூடியதல்ல. அந்தச் சான்றையே தகுதியாக வைத்தால், காட்டை அறிந்தவர் வெளியே நிற்க, விடுதிகள் வாரயிறுதிக்கு வரவழைக்கும் வெளியூர் வழிகாட்டிகளே உள்ளே செல்லும் நிலை உருவாகும்.

கோத்தகிரியின் லாங்வுட் சோலையை எண்ணிப்பாருங்கள். ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காடு, தேயிலைத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே எஞ்சி நிற்கிறது. சுற்றியுள்ள கிராமங்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருவது அதன் ஓடைகளே. உலகில் இந்த மலைப்பகுதியைத் தவிர வேறெங்கும் காண முடியாத நீலகிரிச் சிரிப்பான் பறவையின் குரல் அதன் மரத்தடிப் புதர்களுக்குள்ளிருந்து கேட்கிறது. விறகு வெட்டுதலும் அந்நியச் செடிகளும் நெருக்கிவந்த அந்தச் சோலையை மீட்பதற்கு வனத்துறையோடு கைகோத்து உழைத்தது லாங்வுட் சோலை பாதுகாப்புக் குழு. பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து அழைத்துச் சென்று காட்டைக் காட்டியதும் அக்குழுவே. எந்த மாதத்தில் எந்த ஓடை வற்றும், காட்டுமாட்டுக் கூட்டம் எந்தப் பக்கமாக இறங்கும், எந்த மூலையில் மனிதர் காலடி படக்கூடாது என்பதை இத்தகைய குழுக்கள் அறிந்த அளவுக்கு வேறு எவரும் அறிந்திருக்க இயலாது. கொடைக்கானலில் 1985 முதல் இயங்கும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் இதே வரிசையில் வருகிறது.

காடு அல்லாத ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, சனவரி முதல் சில மாதங்களுக்கு இரவுதோறும் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கடற்கரைகளில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. வாரயிறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கிறார்கள். அங்கே யாரும் சிகிச்சை என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அலுவலகக் களைப்போடு வந்த ஒருவர், கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துவிட்டு மணலில் ஆமையின் துடுப்புத் தடத்தைத் தேடிப் பல கிலோமீட்டர் நடக்கும்போது, வனக்குளியல் வழிகாட்டி எதை நாடுகிறாரோ அது அவருக்குத் தானாகவே வாய்க்கிறது. என்னைக் கேட்டால் அதை வனக்குளியலினும் மேலானது என்பேன். ஏனெனில் நடப்பவர் கடற்கரையிலிருந்து பெறுவதோடு நில்லாமல் அதற்கு ஒரு வேலையும் செய்து தருகிறார். சோலை நடைகளிலும் இதற்கு வழி உண்டு. அந்நியச் செடிகளான வாட்டில் நாற்றுகளையும் உண்ணிச்செடியையும் பிடுங்குவதற்கும், நாவல், காட்டுச் செண்பகம் போன்ற சோலை மர நாற்றுகளுக்கு நாற்றங்காலில் மண் நிரப்புவதற்கும் ஆள் பற்றாத நிலையே எங்கும் உள்ளது. நடைக்கு வருபவர், உடல் இடங்கொடுத்தால், அரைமணி நேரம் இதில் ஈடுபடட்டும்.

பழங்குடி மக்களின் அறிவை அரசு தொழிலாக அங்கீகரிப்பதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1978இல் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சை அரசின் அனுமதியோடு எடுத்துத் தருகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். காட்டில் உட்காரக் கற்றுத்தரும் தொழிலிலும் நீலகிரியின் இருளர்களுக்கும் குறும்பர்களுக்கும் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். உடன் சுமை தூக்குபவர்களாக மட்டும் அவர்களை வைத்துக்கொள்வது நியாயமல்ல.

வெளிநாட்டு நடைமுறைகளை அப்படியே பின்பற்றவும் முடியாது. ஆளுக்கொரு மரத்தடியில் தனியே பிரிந்து அமர்வது வனக்குளியலின் வழக்கம். காட்டுமாடும் கரடியும் நடமாடும் நீலகிரியில் அப்படிப் பிரித்துவிடுவது ஆபத்து. நடையின் முடிவில் அங்கேயே பறித்த இலைகளில் தேநீர் வைத்துக் குடிப்பதும் ஒரு வழக்கம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்கீழ் காப்புக்காட்டில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. மழைக்காலத்தில் அட்டைகளும், கோடையின் தொடக்கத்தில் தீயும் நாள்காட்டியைத் தீர்மானிக்கும். இவற்றை முன்னிட்டு நமக்குரிய பாடத்திட்டத்தை, மருத்துவர்களும் உள்ளூர்க் குழுக்களும் பழங்குடி மூத்தோரும் அமர்ந்து தமிழில் உருவாக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மலையேற்றத் திட்டத்திற்குள் மெதுநடை என்ற தனி வகையை அறிவித்து, முதலில் மூன்று அல்லது நான்கு இடங்களில் ஓராண்டு நடத்திப்பாருங்கள். எந்தச் சோலையிலும் உள்ளூர்க் குழுவின் எழுத்துமூல இசைவின்றி நடைக்கு அனுமதி வழங்காதீர்கள்; நாளொன்றுக்கு எத்தனை பேர், எந்த மாதங்களில் முழு மூடல் என்பதைத் தீர்மானிப்பதில் அக்குழுவின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதி வழிகாட்டியின் ஊதியத்திற்கும் மறுபகுதி அதே காட்டின் மீட்புப் பணிக்கும் போகட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், அரசு மருத்துவமனைகள் அனுப்பும் நோயர்களுக்கும், சோலையின் நீரைக் குடித்து வளர்ந்த சுற்றுவட்டார ஊர் மக்களுக்கும் கட்டணமே வேண்டாம். நலமையம், விளக்கக்கூடம், நடைமேடை என்ற பெயர்களில் சோலைக்குள் எதையும் கட்டாதீர்கள். இந்த நடைக்கு ஒற்றையடிப் பாதையே போதும், அதுவும் ஏற்கெனவே இருக்கிறது.

வரும் தீக்காலம் முடிவதற்குள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய பகுதிகளின் பாதுகாப்புக் குழுக்களை ஒரு கூட்டத்திற்கு அழைத்து, வரைவு விதிகளை அவர்களிடம் தமிழில் கொடுத்துக் கருத்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். அதற்கான நாளையும் இடத்தையும் பொது அறிவிப்பாக வெளியிட்டால், மலைக்கிராமங்களிலிருந்து வரவேண்டியவர்கள் வந்து சேர்வார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத்து இயற்கை ஆர்வலர் ஒருவர்