மெட்காஃபுக்கு நடுக்களத்தில் பந்து கொடுங்கள்: ஸ்டீலர்ஸ் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்சியாளர் திரு. மைக் டாம்லின், அஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) ஒருங்கிணைப்பாளர் திரு. ஆர்தர் ஸ்மித், அமெரிக்கக் கால்பந்து அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் அஃபென்ஸ் பயிற்சியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2025 ஜூலை. லட்ரோப் பயிற்சி முகாமுக்கு வீரர்கள் வந்து சேரும் நேரம் இது. மார்ச் மாதம் ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) டிகே மெட்காஃபை சியாட்டில் அணியிடமிருந்து வாங்கிய நாளிலிருந்து ரசிகர்களுக்குள் ஒரே வழக்கு: இந்தப் பருவத்தில் அவர் பந்தைப் பிடித்து எத்தனை யார்டு எடுப்பார்? 1,400 என்று அடித்துச் சொல்கிறது ஒரு கட்சி. நேராக ஓட மட்டும்தான் தெரியும், அவருக்காகக் கொடுத்த 52-வது டிராஃப்ட் தேர்வை (புதிய வீரரை எடுக்கும் உரிமையை) வீணடித்துவிட்டோம் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு தரப்புமே கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மெட்காஃப் யார் என்பதை 6 பருவங்கள் காட்டிவிட்டன. அவரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. அதனால் இந்த மடல் உங்களுக்கு.

கோரிக்கை ஒன்றுதான். அவரை ஓரத்தில் நிறுத்தி, ஓரக்கோட்டை ஒட்டி மேலே ஓடவிடுவதோடு விட்டுவிடாதீர்கள். யார்டு எண்கள் எழுதியிருக்கும் இடத்துக்கு உள்பக்கம், களத்தின் நடுவில், ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்குப் பந்து கொடுங்கள்.

சியாட்டில் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 6 பருவங்களில் 438 கேட்ச், 6,324 யார்டு, 48 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோவது). உச்சம் 2020: 83 கேட்ச், 1,303 யார்டு, 10 டச்டவுன். கடந்த ஆண்டு 15 ஆட்டங்களில் 66 கேட்ச், 992 யார்டு, 5 டச்டவுன். அதே ஆண்டு அங்கே சக ரிசீவரான ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா பெரும்பாலும் ஸ்லாட்டில் (உள்பக்க இடத்தில்) நின்று 100 கேட்ச் பிடித்தார். ஒரே அணி, பந்து வீசும் குவார்ட்டர்பேக்கும் ஒரே ஆள். நடுவில் ஓடியவருக்குப் பந்து சுலபமாக வந்தது. ஓரத்தில் நின்றவருக்குக் கடினமான பந்துகள் போயின. இதைப் பார்த்துவிட்டு மெட்காஃபின் கதை முடிந்தது என்று சொல்பவர்கள், அவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பதைக் கவனிக்கவில்லை.

அவருடைய குறையையும் மறைக்க வேண்டியதில்லை. 2019 டிராஃப்ட் சோதனையில் 40 யார்டை 4.33 விநாடியில் ஓடினார். 228 பவுண்டு எடையோடு அந்த வேகம் அபூர்வம். அதே நாளில் மூன்று கூம்புச் சோதனையில் 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். எல் வடிவத்தில் ஐந்தைந்து யார்டு தள்ளி மூன்று கூம்புகள். ஓடி, குனிந்து, திரும்பி, மீண்டும் திரும்ப வேண்டும். அங்கே 7.38 என்பது ஒரு ரிசீவருக்கு மெதுவான நேரம். முழு வேகத்தில் போய்ச் சட்டென்று நின்று பின்னால் திரும்புவதற்கு அவருக்கு ஓரிரு அடி அதிகம் வேண்டும். 15 யார்டு ஓடி 13-க்குத் திரும்பும் கம்பேக் ரூட்டில் (ஓட்டப் பாதையில்), அவரைத் தடுக்கும் எதிரணிக் கார்னர்பேக் இடைவெளியை மூடுவதற்கு அந்த ஓரிரு அடியே போதும்.

ஆனால் ஸ்லான்ட், டிக், போஸ்ட், களத்தைக் குறுக்கே கடக்கும் ஓவர் ரூட் எதிலும் நின்று திரும்ப வேண்டிய வேலை இல்லை. வேகத்தைக் குறைக்காமல் உள்பக்கம் சாய்ந்தால் போதும். ஸ்லான்டில் மூன்றாவது காலை ஊன்றி உள்ளே வெட்டும்போது கார்னர்பேக்கின் கை அவர் தோளில் இருக்கும். 228 பவுண்டு உடம்பு அந்தக் கைக்கும் பந்துக்கும் நடுவே வந்துவிடும். பந்தைப் பிடிக்கும்போது அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார். கழற்றிவிட்ட எறிகணை மாதிரியான அந்த ஓட்டத்தை 2020 அக்டோபரில் அரிசோனாவில் பந்தைப் பறித்து ஓடிய புடா பேக்கரை அவர் துரத்திப் பிடித்தபோது உலகமே பார்த்தது. எல்லாரும் அந்தக் காணொளியைப் பகிர்கிறார்கள். அந்த வேகம் ஓரக்கோட்டில் கிடைத்ததல்ல, பரந்த இடத்தில் கிடைத்தது என்பதைச் சொல்ல ஆளில்லை.

இப்போது ஓரத்துப் பந்து என்றால் என்னவென்று பார்ப்போம். மூன்றாவது டவுன் (நான்கு வாய்ப்பில் மூன்றாவது), 7 யார்டு தேவை. எக்ஸ் ரிசீவர் (ஓரத்து ரிசீவர்) இடது கோடியில், பந்து வைக்கப்படும் ஸ்கிரிமேஜ் கோட்டின் மேலேயே நிற்கிறார். கார்னர்பேக் ஒரு யார்டு முன்னால், உள்பக்கமாக. ஸ்னாப் ஆனதும் (பந்து குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்கப்பட்டதும்) ரிசீவர் வெளிப்பக்கம் போகிறார். கார்னர்பேக் அவரை இடுப்பால் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே ஓடுகிறார். பந்து விழ இடம் வேண்டுமானால் ஓரக்கோட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே 4, 5 யார்டு மிச்சம் இருக்க வேண்டும். தள்ளித் தள்ளி அது 2 யார்டாகச் சுருங்கிவிடும். பின்னால் நின்று காக்கும் சேஃப்டியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு தட்டு அகல இடம்தான் மிச்சம். ஒன்று பந்து கோட்டுக்கு வெளியே விழும், அல்லது ஒரு காலை வெளியே வைத்துப் பிடிப்பார். அடுத்தது பன்ட், அதாவது பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது. ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸ் நம் அணியில் இருந்தபோது இந்தக் காட்சியை எத்தனை ஞாயிறு பார்த்தோம் என்பது உங்கள் ஆட்டப் பதிவுகளிலேயே இருக்கிறது. பிக்கன்ஸ் பிடித்த பந்துகள் அற்புதமானவை. அற்புதத்தை நம்பி வாராவாரம் ஒரு அஃபென்ஸை ஓட்ட முடியாது.

இதைவிட வலித்தது இன்னொரு ரிசீவரான மைக் வில்லியம்ஸ் விஷயம். 2024 நவம்பரில் ஜெட்ஸிடமிருந்து ஐந்தாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து வாங்கினீர்கள். முதல் ஆட்டம் வாஷிங்டனில். ரஸல் வில்சன் வீசிய 32 யார்டு டச்டவுன் பந்தை அவர் பிடித்தார், 28-27 என்று வென்றோம். அன்றைக்கு அவருக்கு அது ஒரே கேட்ச். அதற்கப்புறம் பருவம் முழுவதிலும் இன்னும் 8 கேட்ச். 6 அடி 4 அங்குல உயரமுள்ள ஒருவரை வாங்கி, ஒரு ஆட்டத்தை அவர் ஜெயித்துக் கொடுத்த பிறகு, நடுக்களத்தில் அவருக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. அந்த அணிதான் கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் தோற்று, பால்டிமோரிடம் 28-14 என்று பிளே ஆஃபிலும் வெளியேறியது. ரிசீவரை வாங்குவது பாதி வேலைதான் என்பதை அந்தக் குளிர்காலம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தது. ஐந்தாம் சுற்றுத் தேர்வு போனதைத் தாங்கிக்கொண்டோம். இப்போது போயிருப்பது இரண்டாம் சுற்றுத் தேர்வு. கூடவே 4 ஆண்டு நீட்டிப்புக்கு 13.2 கோடி டாலர்.

திரு. ஸ்மித், இதற்கான விடை உங்கள் கைவசமே இருக்கிறது என்பதுதான் எங்கள் ஆதங்கம். 2019, 2020-இல் டென்னஸியில் அஃபென்ஸை நடத்தியவர் நீங்கள். அங்கே உங்களிடம் இருந்த ஏ.ஜே. பிரவுன், ஓலே மிஸ் கல்லூரியில் மெட்காஃபோடு ஒன்றாக ஆடியவர். இருவரும் 2019-இல் இரண்டாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார்கள். 2020-இல் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 2,027 யார்டு ஓடினார். அவ்வளவு ஓட்டத்துக்கு நடுவிலும் பிரவுன் 106 டார்கெட்டில் (அவரை நோக்கி வீசிய பந்துகளில்) 70 கேட்ச், 1,075 யார்டு, 11 டச்டவுன் எடுத்தார். மெட்காஃப் 2022-இல் 141 டார்கெட்டில் எடுத்தது 1,048 யார்டு, 6 டச்டவுன். 35 டார்கெட் குறைவாக வாங்கியவர் அதிக யார்டு எடுத்தார். ஹென்றிக்குப் பந்தைக் கொடுப்பது போலக் காட்டியதும் எதிரணியின் நடுக் காவலர்களான லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னே வந்தார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் பிரவுன் உள்நோக்கி ஓடி வந்தார். குவார்ட்டர்பேக் டானஹில் அங்கே வீசினார். அது உங்கள் கையெழுத்து. பிரவுன் அளவுக்கு மெட்காஃப் பிடித்தபின் ஆளை உதறிவிட்டுப் போகமாட்டார், அது உண்மை. ஆனால் நேர்வேகத்தில் பிரவுனைவிட ஒரு படி மேல்.

நம் புதிய குவார்ட்டர்பேக் ஆரோன் ராஜர்ஸுக்கு, பந்தைக் கொடுக்கும் சென்டருக்கு அடியில் நின்று, டிஃபென்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஓட்டம் போலக் காட்டி வீசும் ப்ளே ஆக்‌ஷன் பிடிக்காது, 41 வயதில் அவரை அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறார்கள். பாதிதான் சரி. 2020-இல் பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் நடத்திய அஃபென்ஸில் 48 டச்டவுன், 5 இன்டர்செப்ஷனோடு (எதிரணி பறித்த பந்து) எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது) வாங்கியவர் ராஜர்ஸ். லஃப்ளூர் 2018-இல் டென்னஸியில் அஃபென்ஸை நடத்தியபோது அதே குழுவில் டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) பயிற்சியாளராக இருந்தவர் நீங்கள். அவர் போன பிறகு அந்த நாற்காலி உங்களுக்கு வந்தது. இரண்டு பாடப் புத்தகமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. சென்டருக்கு அடியில் நிற்பது ஆகாதென்றால் பிஸ்டலில் நிறுத்துங்கள். நாலு யார்டு பின்னால் குவார்ட்டர்பேக், அவருக்கு நேர் பின்னால் ரன்னிங் பேக். ஓட்டம் எந்தப் பக்கம் என்பது டிஃபென்ஸுக்குத் தெரியாது. ராஜர்ஸும் கண்ணை முழுசாக எடுக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. மெட்காஃபை எப்போதும் எக்ஸாக, கோட்டின் மேலேயே நிறுத்தினால் அவரை மோஷனில் (ஸ்னாப்புக்கு முன்பே நகரும்படி) அனுப்ப முடியாது. கோட்டில் ஏழு பேர் இருக்க வேண்டும் என்ற விதி கட்டிப்போடும். ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து முறையாவது அவரை ஒரு யார்டு பின்னால், இசட் இடத்தில் நிறுத்துங்கள். எக்ஸ் வேலையை கால்வின் ஆஸ்டினோ ஒரு டைட் எண்டோ பார்த்துக்கொள்ளட்டும். நகர்ந்துகொண்டிருக்கும் ஆளின் மார்பில் கார்னர்பேக்கால் கை வைக்க முடியாது. இன்னொன்று, அவரைத் தடுப்பு வரிசையின் ஓரத்து வீரரான டேக்கிளிலிருந்து நாலைந்து யார்டு தள்ளி, உள்ளே சுருக்கி நிறுத்துங்கள். ஓரக்கோடு தூரத்தில் இருக்கும். வெளியே போகவும் இடம், குறுக்கே போகவும் இடம். 160 அடி அகலமுள்ள களத்தில் 15 அடியை மட்டும் பயன்படுத்துவது எதிரணிக்கு நாமே செய்யும் உதவி.

உங்களுக்குப் பிடித்த இரண்டு, மூன்று டைட் எண்ட் வரிசையை மாற்றச் சொல்லவில்லை. ஃப்ரையர்மத், டார்னெல் வாஷிங்டன், ஜோனு ஸ்மித் மூவரும் நிற்கும்போது எதிரணி எட்டுப் பேரைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தே ஆக வேண்டும். பின்னால் மிஞ்சுவது ஒரே சேஃப்டி. மெட்காஃபுக்கு அதைவிட நல்ல சூழல் கிடையாது. அந்த நேரத்தில் அவரைத் தூரத்தில் நிறுத்தி, ஓட்டத்துக்குத் தடுப்பு வேலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

1,400 கேட்கும் நண்பர்களுக்காக ஒரு கணக்கு. கடந்த ஆண்டு நம் அணி வீசியது சுமார் 500 பந்து. அதில் 22 சதவீதம் மெட்காஃபுக்கு என்றால் 110 டார்கெட். அறுபது சதவீதம் பிடித்தால் 66 கேட்ச். கேட்சுக்கு 15 யார்டு என்றால் 990. சியாட்டிலில் 2024-இல் எடுத்த ஏறக்குறைய அதே எண்தான். அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்று அதிகம் வீச வேண்டும், அல்லது பிடித்தபின் ஓடும் பந்துகளை வீச வேண்டும். முதலாவது ஸ்மித்தின் வழக்கமல்ல. இரண்டாவதைத்தான் இந்த மடல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1,000 முதல் 1,100 யார்டு, 8 டச்டவுன்: இது நியாயமான எதிர்பார்ப்பு. அது வராமல் போனால் மெட்காஃபை ஏசும் முன் அவருக்கு எந்த இடத்தில் பந்து வந்தது என்று பாருங்கள்.

மனதில் இருக்கும் வேறொரு பாரத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் பழைய குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் போன பிறகு ட்ருபிஸ்கி, பிக்கெட், ருடால்ஃப், ஃபீல்ட்ஸ், வில்சன், இப்போது ராஜர்ஸ். ஒவ்வோர் ஆண்டும் புதிய கை, புதிய நேரக்கணக்கு. பிக்கன்ஸும் மெட்காஃபும் இரு பக்கமும் நின்றால் சேஃப்டி எந்தப் பக்கம் சாய்வது என்று திணறியிருப்பார். மே மாதம் பிக்கன்ஸை டல்லாஸுக்கு அனுப்பிவிட்டீர்கள். ராஜர்ஸ் ஜூனில்தான் கையெழுத்துப் போட்டார். தோளுக்குப் பின்னால் வீசும் பந்தைப் பேசி வைத்துக்கொண்டு வீச முடியாது. ரிசீவர் எந்த அடியில் திரும்புவார் என்று வீசுபவருக்கு உடம்பிலேயே பதிந்திருக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கு வேண்டும். உங்களிடம் இருப்பது சில வாரங்கள். இந்த அணி கடைசியாக பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றை வென்றது 2017 ஜனவரியில். அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆண்டும் “பொறுங்கள்” என்று சொல்லப்பட்டது, பொறுத்தோம். இனியும் பொறுமையை மட்டுமே கேட்பது நியாயமாகப் படவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் வேலையின் கடினம் தெரியாமல் எழுதவில்லை. ராஜர்ஸுக்கும் மெட்காஃபுக்கும் நேரம் குறைவு என்பதனால்தான், அதிகப் பழக்கம் தேவைப்படாத ரூட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்கிறோம். ஸ்லான்டுக்கு மூன்று அடி, ஒரு வெட்டு. லட்ரோபில் தினமும் பயிற்சி முடிந்தபின் இருபது பந்து வீசினால் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். டிக் ரூட்டை அடுத்து சேருங்கள். ஓரத்து ஃபேடை (ஓரக்கோட்டை ஒட்டி உயர வீசும் பந்தை) அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 7, நியூ ஜெர்சியில் ஜெட்ஸோடு முதல் ஆட்டம். மூன்றாவது டவுனில் 6, 7 யார்டு தேவைப்படும் முதல் தருணத்தில் மெட்காஃப் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்போம். தயவுசெய்து அவரை உள்ளே கொண்டுவாருங்கள்.

நம்பிக்கையுடன்,
ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சிலர்