எந்த நெறிமுறை என்று இந்த முறையாவது சொல்லுங்கள்

நம் தமிழ்ச் சமூக வலையின் வழங்கியை (சர்வரை) பராமரிக்கும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உடனடிச் செய்திக்கான நெறிமுறை (செயலிகளும் வழங்கிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறை) எது என்ற முடிவைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான்காவது முறையாகத் தள்ளிவைத்தீர்கள். இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்றீர்கள். பின்னணி உங்களுக்கே தெரியும் என்பதால் நேரே கோரிக்கைக்கு வருகிறேன். நாம் இரண்டாகப் பிரிந்து பயன்படுத்தும் நெறிமுறைகளில் எக்ஸ்எம்பிபியா, மேட்ரிக்ஸா? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தில் அறிவியுங்கள். மற்றதை மூடிவிடுங்கள்.

போன மாதம் நம் உறுப்பினர் ஒருவர் காலமானார். பிற்பகல் 3 மணிக்குக் கல்பள்ளி மயானத்துக்கு எடுத்தார்கள். அவருடன் 31 ஆண்டுகள் ஒரே ஆலையில், பெரும்பாலும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரும் நம் உறுப்பினர்தான். அல்சூரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவரை அங்கே காணவில்லை. உடம்பு சரியில்லையோ என்று மறுநாள் மாலை வீட்டுக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னவர், நண்பரின் பெயரைச் சொல்லி, "இரண்டு நாளாக அவர் ஒன்றுமே எழுதவில்லையே, ஊருக்குப் போயிருக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். நம் மேட்ரிக்ஸ் அறையில் (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) இறுதிச்சடங்கு நாளன்று காலை 6.40க்கு ஒன்று, 7.15க்கு ஒன்று, 11.05க்கு ஒன்று என மூன்று சாம்பல் நிற வரிகள். மூன்றும் ஆங்கிலத்தில். செய்தியின் குறியாக்கத்தை (பிறர் படிக்காதபடி போடும் பூட்டை) நீக்க முடியவில்லை என்பதையே மூன்றும் சொல்லின. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. செயலி தன் பாட்டுக்கு ஏதோ அறிவிப்பு போடுகிறது என்று விட்டிருக்கிறார். அந்த வரிகளுக்குள் என்ன இருந்தது என்று நான் சொன்ன பிறகு, போனைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு வரியாக விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் திறக்கும் என்று நினைத்தார்.

நடந்தது உங்களுக்குப் புரிந்திருக்கும். பழைய போனின் திரை உடைந்து, முந்தைய வாரம்தான் மகன் வேறு போன் வாங்கித் தந்திருந்தார். அதில் கணக்கைத் திறந்தார்களே தவிர, அந்தப் போன் அவருடையதுதான் என்று உறுதிசெய்யும், கருவியைச் சரிபார்க்கும் படியை முடிக்கவில்லை. சரிபார்க்காத கருவிகளுக்குச் செய்தியைத் திறக்கும் சாவி அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தம் செயலியில் அமைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தியது நீங்கள். பாதுகாப்புக் கணக்கில் அது சரியான அறிவுரை. அதனால் யாருக்குச் செய்தி போய்ச் சேராது என்று பார்க்க மட்டும் ஓர் ஆளை நியமிக்கவில்லை. இரங்கல் செய்திக்குப் பூட்டு எதற்கு என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை, மேட்ரிக்ஸில் ஓர் அறைக்குக் குறியாக்கத்தை ஒருமுறை இயக்கிவிட்டால் அதை அணைக்க வழியில்லை. அறையைத் தொடங்கிய நாளிலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஒருவர்கூடப் போன் செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் செய்யவில்லை. அந்தக் குற்ற உணர்வு எனக்கு இருக்கிறது. மேட்ரிக்ஸில் போட்டாயிற்று, பார்த்திருப்பார் என்று சிலர் நினைத்தோம். அவர் பழைய எக்ஸ்எம்பிபி குழுவில்தானே இருக்கிறார், அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சிலர் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது நம்மை எக்ஸ்எம்பிபிக்கு அழைத்தீர்கள். வந்தோம். பிறகு மேட்ரிக்ஸ் என்றீர்கள். பாதிப் பேர் போனோம். இப்போது, சமூக வலையிலேயே தனிப்பதிவு எழுதும் வசதி இருக்கும்போது வேறு எதற்கு என்று உங்களில் ஒருவரே கூட்டத்தில் கேட்கிறார்.

அந்த மூன்றாவது யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். நம் சமூக வலை ஓடும் ஆக்டிவிட்டிபப், 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த நல்ல நெறிமுறை. பதிவுகளை வழங்கிக்கு வழங்கி கொண்டுசேர்ப்பது அதன் வேலை. நம் சமூக வலையின் மென்பொருளான மாஸ்டடானில் தனிப்பதிவு என்பது, பெறுபவர் பட்டியல் சுருங்கிய சாதாரணப் பதிவுதான். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முனைக்கு முனை குறியாக்கம் கிடையாது. இரு பக்க வழங்கிகளின் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்கலாம். பேச்சின் நடுவே மூன்றாவது ஆளின் முகவரியைக் குறிப்பிட்டால் அந்தப் பதிவு அவருக்கும் போய்விடும். இதனால் நம் உறுப்பினர்கள் இருவருக்கிடையே பேச்சுவார்த்தையே நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும்.

மிச்சம் இரண்டு. மேட்ரிக்ஸின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதில் ஓர் அறையின் வரலாறு, பங்கெடுக்கும் எல்லா வழங்கிகளிலும் படியெடுக்கப்படுகிறது. ஒரு வழங்கி படுத்துவிட்டாலும் மற்றவற்றில் இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கலாம். எக்ஸ்எம்பிபியில் ஒரு குழு ஒரே வழங்கியில்தான் குடியிருக்கும். அது நின்றால் குழுவும் நிற்கும். ஆனால் படியெடுப்பதற்கு விலை உண்டு. பெரிய பொது அறைகள் சிலவற்றில் நம் ஆட்கள் சேர்ந்ததும் மேட்ரிக்ஸ் வழங்கி மென்பொருளான சினாப்ஸின் தரவுத்தளம் வீங்கி, டிஸ்க் நிரம்பி, மார்ச்சில் இரண்டு நாள் நம் வழங்கியே நின்றது. உறுப்பினர் சந்தாவில் ஓடும் ஒற்றை இயந்திரம் நம்முடையது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக மேட்ரிக்ஸில் ட்சாப் என்ற செய்திச் செயலியை நடத்துகிறது என்று எடுத்துக்காட்டுகிறீர்கள். அரசின் கையில் இருக்கும் இயந்திரங்களும் ஆட்களும் நம்மிடம் உண்டா?

எக்ஸ்எம்பிபி 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது. 2004இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அதைத் தரமாக வெளியிட்டது. பழசு என்று கூட்டத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். வாட்ஸப் தொடக்கத்தில் எஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி வழங்கி மென்பொருளை மாற்றியமைத்துத்தான் எழுந்தது. அந்தக் கூட்டத்தையே நாம் நடத்திய ஜிட்சி காணொலி மென்பொருளுக்குள்ளும் ஓடுவது எக்ஸ்எம்பிபிதான். கூகுள் டாக் அரட்டைச் சேவை 2006இல் பிற வழங்கிகளுக்குக் கதவைத் திறந்து, 2013இல் ஹேங்அவுட்ஸுக்கு மாறியபோது கைவிட்டதே என்றால், உண்மை. மற்ற வழங்கிகள் அதனால் சாகவில்லை. ஒரு நிறுவனம் விலகினாலும் சாகாத ஓர் ஏற்பாடு வேண்டும் என்றுதானே நாம் இங்கே வந்தோம்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்எம்பிபியில் பல வசதிகள் தனித்தனி நீட்சிகளாக இருக்கின்றன. எந்தச் செயலி எதை ஆதரிக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்எம்பிபியின் ஓமெமோ குறியாக்கத்திலும் சாவிச் சிக்கல் வரும். புதிய போனைச் சேர்ப்பதற்கு முன் வந்த செய்திகளை அதில் படிக்க முடியாது. ஆனால் அறிவிப்புக் குழுவைக் குறியாக்கம் இல்லாமலும், தனிப்பேச்சைக் குறியாக்கத்தோடும் வைத்துக்கொள்ளலாம். பின்னால் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். பிராசடி போன்ற வழங்கி மென்பொருள் நம் சிறிய இயந்திரத்துக்குச் சுமையாகாது. கணக்கு திறப்பதே பெரியவர்களுக்குக் கஷ்டம் என்றால், நம் நாட்டுக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் உருவாக்கிவரும் பிரவ் செயலியில் தொலைபேசி எண்ணைக் கொண்டே சேர முடிகிறது, அதுவும் எக்ஸ்எம்பிபிதான். எனவே என் வாக்கு எக்ஸ்எம்பிபிக்கு.

உங்கள் வாக்கு மேட்ரிக்ஸுக்கு என்றால் அதையும் ஏற்கிறேன். முடிவு எடுங்கள் என்பதே கோரிக்கை. 2023 மேயில் அரசு 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தபோது பட்டியலில் மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலி இருந்தது. மேட்ரிக்ஸே போய்விட்டது என்று நம் உறுப்பினர்கள் பதறினார்கள். செயலி வேறு, நெறிமுறை வேறு என்று தமிழில் ஒரு பக்க விளக்கம் எழுதித் தருமாறு அப்போதே கேட்டோம். இன்றுவரை வரவில்லை. இந்த ஊரில் பிறந்த கூ சமூக ஊடகம் 2024 ஜூலையில் மூடப்பட்டபோது, அங்கே தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர்களை நம்மிடம் அழைத்திருக்கலாம். எங்கே வந்து பேசுவது என்று அவர்கள் கேட்டதற்கு நம்மிடம் ஒரே பதில் இல்லை. கேட்டவர்கள் போய்விட்டார்கள். விவாதத்தில் உங்களுக்கு இருக்கும் உற்சாகத்தில் கால் பங்கு உறுப்பினரின் போனைத் தொட்டுப் பார்ப்பதில் இருந்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

கோபத்தில் கொஞ்சம் மிஞ்சிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊதியம் இல்லாமல், இரவு கண்விழித்துச் செய்யும் வேலை இது என்பது எனக்குத் தெரியும். பொறுமையும் எங்களுக்குப் புதிதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்படும்வரை காத்திருந்தவர்கள் நாங்கள். இதற்கும் காத்திருப்போம். ஆனால் அந்தப் பெரியவருக்கு 74 வயது. அவருடைய நண்பர்களுக்கும் அதே வயதுதான்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: ஒரே நெறிமுறை, அதற்குத் தமிழில் ஒரு பக்க விளக்கம், போன் மாற்றுகிறவர்களுக்கு உடன் உட்கார்ந்து அமைத்துக்கொடுக்க ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஆள். அல்சூருக்கு நான் இருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை பெரியவர் வீட்டுக்கு மறுபடி போகிறேன். அவருடைய போனில் எதை வைக்க வேண்டும் என்று அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு