கோடையில் விற்கப்பட்ட ‘ஜாய்நகர் மோவா’ குறித்த புகார்

பெறுநர்:
கிளை மேலாளர்,
வங்காள இனிப்பகம்,
சென்னை.

ஐயா,

மே மாத நடுவில் தங்கள் கிளையில் ‘அசல் ஜாய்நகர் மோவா, புதிய வரவு’ என்று அச்சிட்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். கொல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் இந்த இனிப்பை அதன் பருவத்தில் உண்டு பழகியவன் என்பதால், பெட்டியைத் திறந்ததுமே ஏமாற்றம் அடைந்தேன்.

மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கனா மாவட்டத்திலுள்ள ஜாய்நகரின் மோவா, 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. கனகசூர் என்னும் மணமுள்ள நெல்லைப் பொரித்து, குளிர்கால இரவுகளில் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுத்த நொலேன் குர் என்னும் புது வெல்லத்தில் கலந்து, நெய் சேர்த்து உருட்டுவதே அதன் செய்முறை. குளிர் விலகினால் பதநீரின் தரம் கெட்டுவிடும். மோவாவும் சில நாட்களுக்கு மேல் தாங்காது. அப்படியிருக்க, மே மாதத்தில் ‘புதிய வரவு’ எங்கிருந்து வந்தது?

விடை பெட்டியின் அடியில், கண்ணுக்கு எளிதில் தென்படாத எழுத்தில் இருந்தது: அரிசிப்பொரி, சர்க்கரை, வெல்லச் சுவையூட்டி. கார்த்திகை தீபத்துக்கு நெற்பொரி உருண்டை பிடிக்கும் எந்த வீட்டிலும் அரிசிப்பொரியை அதற்கு மாற்றாக ஏற்கமாட்டார்கள். விற்பனையாளரிடம் கேட்டபோது, “எல்லாம் ஒன்றுதான் சார்” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பெட்டியை அச்சிட்டது அவரல்ல.

தங்கள் ரசகுல்லாவில் எனக்குக் குறையில்லை. பாலைத் திரித்து எடுக்கும் சேனா மென்மையாகவும் பாகு அளவாகவும் இருக்கிறது. ஆனால் சந்தேஷ் என்னும் பால் இனிப்பின் தட்டில் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்ற குறிப்பைக் காணவில்லை. பொட்டலமிடாத இனிப்புகளுக்கு அது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஆகவே, பெட்டிக்கு நான் செலுத்திய தொகையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். கனகசூர் பொரியும் நொலேன் குர்ரும் இல்லாத பண்டத்தை ஜாய்நகரின் பெயரில் விற்பதை உடனே நிறுத்த வேண்டும். சந்தேஷ் தட்டில் தேதி அட்டை வைக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் அடிப்பக்க ஒளிப்படம்